உடல் எடையைக் குறைக்க அக்குபஞ்சர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிகிச்சைக்கு வருபவர்களும், வரலாமா என்று யோசிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம்.

1. ஊசி குத்திக்கிட்டா எடை குறையுமா, குறையாதா? சுத்தி வளைக்காம சொல்லுங்க.

கொஞ்சம் குறையும். 31 ஆய்வுகளை, மொத்தம் 3,013 பேரின் விவரங்களோடு சேர்த்து அலசிய கட்டுரை ஒன்று 2009-இல் வெளிவந்தது. உணவு, உடற்பயிற்சி மாற்றங்களை மட்டும் கடைப்பிடித்தவர்களோடு ஒப்பிட்டால், அக்குபஞ்சர் எடுத்துக்கொண்டவர்களுக்குச் சராசரியாக 1.72 கிலோ கூடுதலாகக் குறைந்திருந்தது. எதிர்பார்ப்பை இந்த அளவில் வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

அக்குபஞ்சர் கொழுப்பைக் கரைப்பதில்லை. பசியின் வேகத்தையும், நேரங்கெட்ட நேரத்தில் எதையாவது கொறிக்கத் தோன்றும் தவிப்பையும் சிலருக்குத் தணிக்கிறது. அப்போது குறைவாகச் சாப்பிடுவது சுலபமாகிறது. எடை அதனால்தான் இறங்குகிறது. கீழே உள்ள பெரும்பாலான பதில்கள் இந்த ஒரு விஷயத்திலிருந்தே கிளைக்கின்றன.

2. அந்த ஊசிக்குள்ள மருந்து ஏதாவது இருக்குமா?

இருக்காது. அது துளையில்லாத, கெட்டியான எஃகுக் கம்பி. வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் செமாகுளூட்டைடு போன்ற எடைக்குறைப்பு ஊசிகளோடு பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். அது மருந்து. வாரம் 2.4 மில்லிகிராம் வீதம் 68 வாரம் போட்டுக்கொண்டவர்களுக்கு, உணவு ஆலோசனையோடு சேர்த்து, சராசரியாக உடல் எடையில் 15 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. அக்குபஞ்சர் அந்த வரிசையில் வராது. அந்த மருந்துக்கு இது மாற்று என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

3. ரொம்ப வலிக்குமா?

உடம்பில் குத்தும் ஊசியின் தடிமன் பெரும்பாலும் 0.25 மில்லிமீட்டர், நீளம் 25 முதல் 40 மில்லிமீட்டர். தசையில் மருந்து போடும் சாதாரண ஊசி 0.6 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். தோலைத் தாண்டும் நொடியில் எறும்பு கடித்த மாதிரி ஒரு சுருக். அதன்பிறகு வருவது வலியல்ல: ஊசி இருக்கும் இடத்தில் கனம், மதமதப்பு, உள்ளே யாரோ அழுத்துவது போன்ற உணர்வு. அதை வரவழைக்கத்தான் ஊசியை மெல்லத் திருகுவார்கள்.

கரண்ட் அடித்தது போல் காலில் ‘விர்ர்’ என்று ஓடினால் ஊசி நரம்பைத் தொட்டிருக்கிறது என்று அர்த்தம். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கக் கூடாது. உடனே சொல்லுங்கள், ஊசியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தால் நின்றுவிடும். காது ஊசி சிறியதுதான், ஆனால் வலி அங்கேதான் அதிகம்.

4. எந்தெந்த இடத்துல குத்துவாங்க? வயித்துலேயுமா?

வயிற்றிலும் உண்டு. இடத்தைக் குறிக்கப் பயன்படும் அளவு ‘சுன்’. உங்கள் கட்டைவிரல் கணுவின் அகலம் ஒரு சுன். நான்கு விரல்களைச் சேர்த்து வைத்தால் மூன்று சுன். அளப்பது உங்கள் விரலால், சிகிச்சையாளரின் விரலால் அல்ல. ஆளுக்கு ஆள் உடம்பு வேறு என்பதால் இந்த ஏற்பாடு.

புள்ளிகளுக்கு, அவை இருக்கும் பாதையின் பெயரோடு ஒரு எண்ணைச் சேர்த்துப் பெயர் வைப்பார்கள்; ‘சிவி’ என்பது உடம்பின் முன்பக்க நடுக்கோட்டுப் பாதை. எடைக்காக அதிகம் எடுக்கப்படுபவை: தொப்புளுக்கு இருபுறமும் இரண்டு சுன் தள்ளி ஸ்டமக் 25, தொப்புளுக்கும் மார்பெலும்பின் அடிமுனைக்கும் நட்டநடுவில் சிவி 12, தொப்புளுக்குக் கீழே மூன்று சுன் இறங்கி சிவி 4. காலில், முழங்கால் சில்லுக்குக் கீழே நான்கு விரல் இறங்கி, முன்னெலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளிப்பக்கம் தள்ளி ஸ்டமக் 36. முழங்காலுக்கும் வெளிக்கணுக்காலுக்கும் பாதி வழியில், முன்னெலும்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி ஸ்டமக் 40. உள்கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே, எலும்பின் பின்விளிம்பை ஒட்டி ஸ்ப்ளீன் 6. மூன்று புள்ளி வயிற்றில், மூன்று காலில் என்று வைத்துக்கொண்டு, மலச்சிக்கல், தூக்கமின்மை, மன அழுத்தத்தில் சாப்பிடுவது போன்றவற்றைப் பார்த்து ஒன்றிரண்டைச் சேர்ப்பார்கள். ஒரே பட்டியலை எல்லோருக்கும் அச்சடித்த மாதிரிக் குத்தும் இடத்தில் யோசனை குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடிவயிற்றில் குத்துவதற்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வார்கள். நிரம்பிய சிறுநீர்ப்பை மேலே ஏறி நிற்கும் என்பதால் அதை அலட்சியம் செய்யக் கூடாது. மெலிந்த வயிற்றில் ஊசி ஆழமாகப் போவதும் ஆபத்து. பருமனான வயிற்றில் எதிர்ச் சிக்கல்: குட்டை ஊசி கொழுப்பிலேயே நின்றுவிடும், 3-ஆம் பதிலில் சொன்ன கனமே வராது.

5. வயித்துல குத்தினா தொப்பை மட்டும் தனியா குறையுமா?

குறையாது. கொழுப்பு எங்கிருந்து முதலில் போகும் என்பதை ஊசி முடிவு செய்வதில்லை.

6. உள்ளுக்குள்ள அப்படி என்னதான் நடக்குது?

இரண்டு விளக்கங்கள் உண்டு. மரபு வழியில், பருமனை ‘மண்ணீரல் பலவீனம், ஈரமும் கபமும் தேக்கம்’ என்றும், ஓயாத பசியை ‘வயிற்றில் சூடு’ என்றும் பிரிப்பார்கள். இங்கே மண்ணீரல் என்பது செரிமானத்தைக் குறிக்கும் ஒரு கருத்து. ஸ்கேனில் தெரியும் மண்ணீரலில் கோளாறு என்று பயந்துவிடாதீர்கள்.

உடலியல் வழியில், ஊசி தசையிலுள்ள நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. செய்தி தண்டுவடம் வழியாக மூளைக்குப் போகிறது. பசியையும் நிறைவையும் கவனிக்கும் ஹைப்போதலாமஸ் வரை மாற்றம் போவதை விலங்கு ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். காதுக் குழியின் தோலுக்கு வேகஸ் நரம்பின் ஒரு கிளை வருகிறது. இரைப்பையின் அசைவைக் கட்டுப்படுத்துவதும் அதே நரம்பு. காதில் குத்தினால் பசி ஏன் மாறக்கூடும் என்பதற்கு இப்போதைக்குப் பொருத்தமாகத் தெரிவது இந்தத் தொடர்புதான். மனிதர்களில் எவ்வளவு தூரம் இது உண்மை என்பது இன்னும் தீர்க்கப்படாத கேள்வி.

7. காதுல விதை ஒட்டி அனுப்புறாங்களே, அதை நாமே வீட்டுல ஒட்டிக்கலாமா?

ஒட்டிக்கொள்ளலாம்; இந்த வைத்தியத்தில் வீட்டில் பயமில்லாமல் செய்யக்கூடியது இது ஒன்றுதான். காதுப் புள்ளிகளை 1950-களில் வரைபடமாக்கியவர் பிரெஞ்சு மருத்துவர் பால் நோஜியே. பிறகு சீனாவில் அது விரிவானது. ஒட்டுவது வக்காரியா என்ற செடியின் உருண்டை விதை அல்லது சின்ன எஃகு மணி. தோலைத் துளைக்காது.

எடைக்கு வழக்கமான இடங்கள் நான்கு. காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சிறு மேட்டில் பசிப் புள்ளி. காதின் மேல்வரம்பு உள்ளே வளைந்து குழிக்குள் முடிகிற இடத்தைச் சுற்றி இரைப்பைப் புள்ளி. மேற்காதில் முக்கோணப் பள்ளத்தில் ‘ஷென்மென்’ என்ற புள்ளி. துளைக்குக் கீழே இரு மேடுகளுக்கு நடுவிலுள்ள வெட்டின் உள்பக்கம் ஹார்மோன் புள்ளி. ஒரு தீக்குச்சியின் மழுங்கிய முனையால் அந்தப் பகுதியை மெல்லத் தடவினால் ஓரிடம் மட்டும் சுரீரென்று வலிக்கும். விதையை அங்கே வையுங்கள்.

காதை ஸ்பிரிட்டால் துடைத்து நன்றாகக் காயவிட்டு ஒட்ட வேண்டும். ஈரம் இருந்தால் அன்று மாலையே கழன்றுவிடும். சாப்பிடுவதற்குக் கால்மணி முன்பும், கொறிக்கத் தோன்றும்போதும், ஒவ்வொரு புள்ளியையும் ஒரு நிமிடம் நேராக அழுத்துங்கள். தேய்க்கக் கூடாது. பெரும்பாலோர் செய்யும் தவறு இதுதான்: தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்து புண்ணாகிறது. மூன்று முதல் ஐந்து நாளில் எடுத்துவிட்டு, ஒருநாள் இடைவெளி விட்டு மறுகாதில் ஒட்டலாம். காதுக்குள் செருகும் இயர்போன் போடுபவர்களுக்குப் பசிப் புள்ளி நிலைக்காது.

விதையும், ‘காது முள்’ என்று வைத்துவிடும் குட்டி ஊசியும் வேறுவேறு. முள் தோலுக்குள் இருக்கும். அதை வீட்டில் தொடவே கூடாது. காரணம் 13-இல்.

8. எத்தனை தடவை போகணும்? எப்போ தெரியும்?

ஆய்வுகளில் வழக்கமாக வாரம் இரண்டு மூன்று முறை, எட்டு முதல் பன்னிரண்டு வாரம். ஒரு அமர்வில் ஊசிகள் 20 முதல் 30 நிமிடம் உடம்பில் இருக்கும். வாரம் ஒருமுறை மட்டும் போய்வருவதைவிட, வாரம் ஒருமுறை ஊசியும் இடையில் காது விதையும் என்று வைத்துக்கொள்வது நேரமில்லாதவர்களுக்கு ஒத்துவரும்.

முதலில் மாறுவது பசி, எடையல்ல. இரண்டாம் மூன்றாம் வாரத்தில் இரவு உணவுக்குப் பிறகு கை தானாக டப்பாவைத் தேடுவது குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். எட்டு வாரம் முடிந்தும் பசியும் அப்படியே, இடுப்பளவும் அப்படியே என்றால் நிறுத்திவிடலாம். இன்னொரு எட்டு வாரத்துக்கு முன்பணம் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள்.

9. மூணே நாள்ல ரெண்டு கிலோ குறைஞ்சிருச்சு! இது நல்லதுதானே?

அது பெரும்பாலும் தண்ணீர். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. இரண்டு கிலோ கொழுப்பு மூன்று நாளில் போக வேண்டுமானால் நாளொன்றுக்கு 5,000 கலோரிக்கு மேல் பற்றாக்குறை வர வேண்டும். பலர் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடுவதே அதில் பாதிக்கும் குறைவு. மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் உடம்பில் சேமித்திருந்த கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து தீரும். அதில் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், அதுவும் கூடவே போகும். வழக்கம்போலச் சாப்பிட்டதும் திரும்பி வரும். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முன் எடை கூடுவதும் இதே தண்ணீர்க் கணக்குதான்.

காலையில் எழுந்து, கழிப்பறை போய்வந்து, எதுவும் சாப்பிடாமல், ஒரே எடைபோடும் கருவியில் பாருங்கள். ஒருநாள் எண்ணை விட்டுவிட்டு ஒரு வாரச் சராசரியை அடுத்த வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். இடுப்பை அளக்க, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் டேப்பை வைத்து, இயல்பாக மூச்சை விட்ட பிறகு படியுங்கள். வயிற்றை உள்ளிழுத்து அளப்பதில் பயனில்லை.

10. நீங்க பாட்டுக்கு எப்பவும்போல சாப்பிடுங்க, ஊசி பார்த்துக்கும்னு சொல்றாங்களே?

அப்படிச் சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். முந்தைய பதிலில் உள்ள கணக்கை ஊசியால் மாற்ற முடியாது. நாளுக்கு 500 கலோரி அளவு குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோ அளவில் இறங்கும். போகப்போக அந்த வேகமும் தணியும். பசி தணிந்திருக்கும் வாரங்களைப் பயன்படுத்தித் தட்டின் அளவைக் குறையுங்கள், புரதத்தைக் கூட்டுங்கள், வாரத்துக்கு 150 நிமிட நடை கொண்டுவாருங்கள். பசி தணிந்த சந்தோஷத்தில் பழைய அளவையே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் சிகிச்சை வீண்.

நேர்மாறான தவறும் நடக்கிறது. ஊசியோடு சேர்த்துத் திரவ உணவு மட்டும், நாளுக்கு 800 கலோரிக்கும் கீழே என்று சில இடங்களில் வைத்துவிடுகிறார்கள். எடை வேகமாக இறங்கும், பெயர் ஊசிக்குப் போகும். தசை கரைவதும், பித்தப்பைக் கல்லும், முடி கொட்டுவதும் பிறகு வரும். அந்த அளவு கட்டுப்பாடு மருத்துவர் கண்காணிப்பில் மட்டும்.

11. ஊசியில கரண்ட் வைக்கிறாங்களே, ஷாக் அடிக்காதா?

பேட்டரியில் ஓடும் கருவி அது; போவது சில மில்லியாம்பியர். இரண்டு ஊசிகளில் சின்ன கிளிப் மாட்டி, நொடிக்கு 2 முதல் 100 துடிப்பு வரை வைப்பார்கள். குறைந்த வேகத்தில் தசை டொக் டொக்கென்று துடிப்பது கண்ணுக்கே தெரியும். வலிக்கும் அளவுக்குக் கூட்ட வேண்டியதில்லை.

இதயத்தில் பேஸ்மேக்கரோ டிஃபிபிரிலேட்டரோ வைத்திருப்பவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், வலிப்பு நோயுள்ளவர்களுக்கும் இது வேண்டாம். கருவியை நிறுத்துவதற்கு முன் அளவைச் சுழியத்துக்குக் கொண்டுவராமல் கிளிப்பைக் கழற்றினால் ஒரு வெட்டு வெட்டும். ஷாக் என்று சிலர் சொல்வது இதைத்தான்.

12. நூல் வைக்கிறதுன்னு ஒண்ணு சொல்றாங்களே, பத்துப் பதினைஞ்சு நாளைக்கு ஒருதடவை போனா போதுமாம்?

துளையுள்ள தடித்த ஊசி வழியாக, தானே கரையும் தையல் நூலை ஓரிரு சென்டிமீட்டர் துண்டாகப் புள்ளிக்குள் விட்டுவிடுவது அது. நூல் கரையும்வரை தூண்டல் தொடரும் என்பது எண்ணம். அடிக்கடி வர முடியாதவர்களுக்கு வசதிதான். ஆனால் ஆபத்தும் கூடுதல். ஊசி அரைமணியில் வெளியே வந்துவிடும், நூல் உள்ளேயே இருக்கும். இரண்டு மூன்று நாள் வீக்கமும் சிறு கட்டியும் வழக்கம். சீழ், காய்ச்சல், நாளுக்கு நாள் பெரிதாகும் சிவப்பு ஆகியவை வழக்கமல்ல. உடனே மருத்துவரிடம் போங்கள்.

நூல் செயற்கையா, ஆடுமாட்டுக் குடலிலிருந்து எடுத்ததா என்று முதலிலேயே கேளுங்கள். ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் சைவர்களுக்கும் அது முக்கியம். கையுறை போடாமல், பாக்கெட்டை உங்கள் கண் முன்னால் பிரிக்காமல் செய்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

13. யாருக்கெல்லாம் இது கூடாது? என்ன தப்பு நடக்கலாம்?

கர்ப்பமாக இருப்பவர்களுக்கு எடைக்காக அக்குபஞ்சர் வேண்டாம். வயிற்றுப் புள்ளிகளும் ஸ்ப்ளீன் 6-உம் மரபாகவே தவிர்க்கப்படுபவை. நாள் தள்ளிப்போயிருந்தால் முதலில் சொல்லுங்கள். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்கள், நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள், சாப்பாட்டுக் கோளாறு நோய் இருந்தவர்கள் வாயைத் திறந்து சொல்ல வேண்டியவர்கள். இதய வால்வில் கோளாறோ செயற்கை வால்வோ உள்ளவர்களுக்குக் காது முள் கூடவே கூடாது. நாள்கணக்கில் தோலுக்குள் இருக்கும் முள் வழியே கிருமி இரத்தத்தில் ஏறி வால்வில் உட்காரலாம். மற்றவர்களுக்கும் காதுக் குருத்தெலும்பில் சீழ் பிடித்தால் காது மடலே சுருங்கிப்போகும்.

ஊசியை எடுத்ததும் ஒரு சொட்டு இரத்தம், மறுநாள் நீலத் திட்டு ஆகியவை சாதாரணம். சிலருக்கு மயக்கம் வரலாம், அதுவும் முதல் அமர்வில், வெறும் வயிற்றில் வந்தவர்களுக்கு. கொட்டாவி, குளிர்ந்த வியர்வை, குமட்டல் வந்தால் ஊசிகளை எல்லாம் எடுத்துவிட்டு, படுக்கவைத்து, காலை உயர்த்த வேண்டும். சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி கழித்துப் போவது நல்லது. உட்கார்ந்து குத்திக்கொள்வதைவிடப் படுத்துக்கொள்வது நல்லது.

மேல்முதுகிலோ தோளிலோ மார்பிலோ ஆழமாகக் குத்தினால் நுரையீரலைத் துளைக்கும் ஆபத்து உண்டு. அரிதுதான், ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் தெரியலாம். குத்திய அன்று மூச்சு வாங்கி, நெஞ்சின் ஒருபக்கம் வலித்தால் அவசரப் பிரிவுக்குப் போங்கள்; ஊசி குத்திய விவரத்தை அங்கே சொல்லுங்கள்.

14. சுகர், தைராய்டு மாத்திரையை எல்லாம் நிறுத்தினாத்தான் அக்குபஞ்சர் வேலை செய்யும்னாங்க. நிறுத்தலாமா?

நிறுத்தக் கூடாது. அக்குபஞ்சருக்காக மருந்தை நிறுத்த வேண்டும் என்பதற்கு எந்த மருத்துவக் காரணமும் இல்லை. தைராய்டு மாத்திரையை விட்டால் எடை ஏறும். கேட்டது ஒன்று, கிடைப்பது வேறொன்று. இன்சுலினைத் திடீரென்று விட்டால் உயிருக்கே ஆபத்து. ஸ்டீராய்டும் சில மனநல மருந்துகளும் எடையைக் கூட்டும் என்பது உண்மை. அவற்றை மாற்றுவதைப் பற்றி எழுதிக்கொடுத்த மருத்துவரிடம்தான் பேச வேண்டும்.

இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் கிளிமெபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: பசி குறைந்து சாப்பாடு குறையும்போது அதே மருந்தளவில் சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிடலாம். 13-இல் சொன்ன மயக்கம் ஊசியால் வந்ததா, சர்க்கரை தாழ்ந்ததாலா என்று குளுக்கோமீட்டரில் பார்த்துவிடுங்கள்.

15. ஊசியே இல்லாம விரலால தொட்டாலே போதும், ஒரு புள்ளி போதும்கிறாங்களே?

1-ஆம் பதிலில் உள்ள எடை எண் ஊசி, மின் ஊசி, காது அழுத்தம் ஆகியவற்றிலிருந்து வந்தது. சில நொடி தொடுவதற்கு அதை நீட்டிச் சொல்ல முடியாது. தொடுவதால் கெடுதல் வராது. அதோடு வரும் ‘மருந்தை விடு, பரிசோதனை வேண்டாம்’ என்ற அறிவுரையால் வரும்.

16. நிஜ ஊசியும் பொய் ஊசியும் ஒரே பலன்தான்னு ஒரு டாக்டர் சொன்னாரே?

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆய்வுகளில் ஒப்பிட, புள்ளியில்லாத இடத்தில் குத்துவார்கள், அல்லது தோலைத் துளைக்காமல் உள்ளே மடங்கிக்கொள்ளும் போலி ஊசியை வைப்பார்கள். போலி ஊசிக்கும் ஓரளவு எடை குறைகிறது. வாரந்தோறும் ஒருவர் எடை பார்க்கிறார் என்பதே சாப்பாட்டைக் கட்டுப்படுத்தும். முன்னே சொன்ன 2009 அலசலில் போலி ஊசியைவிட நிஜ ஊசிக்கு 1.56 கிலோ கூடுதலாகக் குறைந்திருந்தது. ஆனால் அதில் சேர்ந்த ஆய்வுகளில் பல சிறியவை, குறுகிய காலத்தவை, குத்துபவருக்கு எது நிஜம் என்று தெரிந்தே நடந்தவை. அதனால் அந்த எண்ணை உச்சவரம்பாக எடுத்துக்கொள்வதே சரி.

‘உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்தது’ என்று பலகைகளில் இருக்கும். அந்த நிறுவனம் 2000-களின் தொடக்கத்தில் வெளியிட்ட அறிக்கையில் உடல்பருமன் இரண்டாம் பட்டியலில்தான் இருக்கிறது: பலன் காட்டப்பட்டிருக்கிறது, மேலும் சான்று தேவை என்ற பட்டியல். பலகையில் பாதி வாக்கியம்தான் ஏறுகிறது.

17. வாரம் ஒருதடவை எடைக்குறைப்பு மருந்து ஊசி போட்டுக்கிறேன். கூடவே அக்குபஞ்சரும் எடுக்கலாமா?

எடுக்கலாம்; உள்ளே எதுவும் செலுத்தப்படாததால் மருந்தோடு மோதாது. ஆனால் பசி ஏற்கெனவே அடங்கியிருக்கும், எனவே பசிப் புள்ளிக்குப் பெரிய வேலை இல்லை. அந்த மருந்தால் வரும் குமட்டலுக்கு மணிக்கட்டு மடிப்பிலிருந்து இரண்டு சுன் மேலே, இரு தசைநார்களுக்கு நடுவிலுள்ள பெரிகார்டியம் 6-ஐ முயன்று பார்க்கலாம். அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் குமட்டலுக்கு அந்தப் புள்ளியின் பலன் ஓரளவு நன்றாகவே சோதிக்கப்பட்டிருக்கிறது. சரியாகச் சாப்பிடாமல் மட்டும் வராதீர்கள்.

18. சேருறதுக்கு முன்னாடி நான் என்ன கேக்கணும், என்ன பரிசோதனை பண்ணிக்கணும்?

காரணமில்லாமல் சில மாதங்களில் எடை ஏறியிருந்தால், கால் வீங்கினால், மாதவிடாய் ஒழுங்கு தப்பினால், குறட்டையோடு பகல் தூக்கம் அழுத்தினால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, வெறும் வயிற்றுச் சர்க்கரை, எடுக்கும் மருந்துகளின் பட்டியல் ஆகிய மூன்றையாவது பார்த்துவிட்டு வாருங்கள்.

சிகிச்சையாளரிடம் கேட்க வேண்டியவை சில்லறை விஷயங்கள்போலத் தோன்றும். ஊசி ஒருமுறை மட்டும் பயன்படுத்துவதா, பாக்கெட்டில் காலாவதித் தேதி இருக்கிறதா, எத்தனை குத்தினீர்கள், எத்தனை எடுத்தீர்கள் என்று எண்ணுகிறீர்களா? உடைமடிப்பில் ஒன்று மறந்துபோய் வீட்டுக்கு வருவது நடக்கிறது. எடுத்த ஊசி குப்பைக்கூடையில் விழுகிறதா, கெட்டியான மூடிய டப்பாவிலா? எட்டு வாரத்தில் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று கேட்டால் கிலோக் கணக்கில் உறுதி கொடுக்கிறாரா, அல்லது உங்கள் சாப்பாட்டை முதலில் விசாரிக்கிறாரா? இரண்டாமவரிடம் சேருங்கள்.

19. நிறுத்தினா எடை திரும்ப ஏறிடுமா?

பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் ஏறும். பெரும்பாலான ஆய்வுகள் சில மாதங்களோடு முடிந்துவிடுவதால், ஊசி மட்டுமே எடையைப் பிடித்து நிறுத்தும் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரேயடியாக நிறுத்தாமல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை என்று விலகுங்கள். விருந்து, பயணம், தேர்வு, தூக்கமில்லாத வேலை நாட்கள் என்று கை கட்டுக்குள் இல்லாத வாரங்களில் காது விதையை 7-இல் சொன்னபடி ஒட்டிக்கொள்ளலாம். வாரச் சராசரி தொடர்ந்து இரண்டு கிலோ ஏறி நின்றால், சிகிச்சைக்குத் திரும்புவதற்கு முன் ஒரு வாரம் சாப்பிட்டதை எல்லாம் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் காரணம் அந்தத் தாளிலேயே இருக்கும்.